கரும்பலகைத் துண்டில் ஆடிய டொமினோ

நம் பாடசாலையின் பழைய மாணவர் மலருக்கு எழுதுகிற பலரும் இல்ல விளையாட்டுப் போட்டியையும் மட்டக்களப்புக் கல்லடிப் பாலத்தையும் எழுதுவார்கள், அவற்றை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். நான் எழுதப்போவது விடுதியில் நாங்கள் உண்டாக்கிய ஒரு விளையாட்டைப் பற்றி. டொமினோக் கட்டைகளைப் பலகையில் வைத்து ஆடும் ஆட்டம் அது. உண்டாக்கினோம் என்று துணிந்துதான் சொல்கிறேன், அதில் சண்டை பிடிக்காமல் வந்த விதி ஒன்றுகூட இல்லை.

1980களின் கடைசி. ஊரடங்கு போட்டால் விடுதிப் பிள்ளைகள் எங்கும் போக முடியாது, மைதானமும் இல்லை, வாவிக்கரையும் இல்லை, கரண்ட் இருந்தால் படிப்பு, இல்லாவிட்டால் அரிக்கன் லாம்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு கதை. கல்முனை நண்பனுடைய மாமா மத்திய கிழக்கிலிருந்து கொண்டுவந்து கொடுத்த டொமினோப் பெட்டி அந்த நாட்களில்தான் எங்களிடம் வந்தது. மொத்தம் 28 கட்டை, ஒவ்வொரு கட்டையிலும் இரண்டு பாதி, பாதிக்கு ஒரு எண். வெறுமையிலிருந்து (குத்து இல்லாத பாதி) ஆறு வரை ஏழு எண்கள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் ஒரு தரம் சேரும், அத்துடன் தன்னோடும் ஒரு தரம். சீனாவில் தோன்றிய விளையாட்டு, அங்கே 32 கட்டை, வெறுமையும் கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனபிறகு வந்ததுதான் இந்த 28. இதெல்லாம் பிற்பாடு வாசித்து அறிந்தது. அப்போது எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஆறுக்குப் பக்கத்தில் ஆறு, மூன்றுக்குப் பக்கத்தில் மூன்று.

சாதாரண டொமினோ எங்களுக்குச் சீக்கிரம் அலுத்தது. வரிசைக்கு இரண்டு நுனிதான், அந்த இரண்டு எண்ணும் கையில் இல்லையென்றால் சும்மா இருக்கவேண்டியதுதான், எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் வந்த கட்டைதான் வெல்லவைக்கும். மேசையும் சின்னது. வரிசை விளிம்பு வரை போய் வளைந்து திரும்பும். ஒரு இரவு அப்படித் திரும்பி வந்த நுனியின் நாலு, நடுவில் கிடந்த இன்னொரு நாலோடு விலாவில் முட்டிக்கொண்டு நின்றது. கொக்கட்டிச்சோலை நண்பன் கேட்டான், "மச்சான், இதுவும் பொருந்தித்தானே கிடக்கு, ஏன் இதுக்குப் புள்ளி இல்ல?" எங்கள் விளையாட்டு பிறந்தது அந்தக் கேள்வியில்தான்.

விலாவும் கணக்கில் வரவேண்டுமென்றால் கட்டைகள் நேராக நிற்கவேண்டும், அதற்குக் கோடு போட்ட பலகை வேண்டும். களஞ்சிய அறைக்குப் பின்னால் கிடந்த உடைந்த கரும்பலகைத் துண்டை எடுத்துவந்து, கட்டையின் பாதி நீளத்தை அடிமட்டத்தால் அளந்து, அந்த அளவில் எட்டுக்கு எட்டாக 64 வீடுகள் வெண்கட்டியால் கீறினோம். ஒரு கட்டைக்கு இரண்டு வீடு, 28 கட்டைக்கும் 56, மிச்சம் எட்டு. அந்த எட்டு வீடுதான் முழு ஆட்டத்துக்கும் உயிர் என்பது அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

முதல் விதி கடுமையானது: வைக்கிற கட்டை தொடுகிற எல்லாப் பக்கமும் பொருந்தவேண்டும். ஆட்டம் பாதியிலேயே இறுகிப்போனது. அப்புறம் ஒரு பக்கம் பொருந்தினால் போதும், மற்றவை எப்படியும் இருக்கலாம் என்று மாற்றினோம், அது மிகவும் இலகுவாகிவிட்டது. கடைசியில் நிலைத்தது இதுதான்: ஒரு பொருத்தம் கட்டாயம், பொருந்தாத பக்கத்துக்குத் தண்டனை இல்லை, பொருந்துகிற ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புள்ளி. வெறுமையை எந்த எண்ணோடும் சேரவிடலாம் என்று ஒருவன் விடாப்பிடியாக நின்றான். நான் எதிர்த்தேன், இன்றும் எதிர்ப்பேன், ஒவ்வொரு எண்ணும் கட்டைகளில் எட்டு இடத்தில் வருகிறது, எட்டுப் பாதி எங்கும் ஒட்டினால் யோசிக்க என்ன மிச்சம்?

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் வெளிவந்தது. டபுள் ஆறை, அதாவது இரண்டு பாதியும் ஆறாக உள்ள கட்டையை, பலகையில் வைத்தால் அதைச் சுற்றி ஆறு வீடு. எட்டு ஆறுகளில் இரண்டு அந்தக் கட்டையிலேயே போய்விட்டன, மிச்சம் ஆறு. ஆக, அந்த ஆறு வீட்டுக்கும் சரியாக ஆறு ஆறுகள் இருக்கின்றன, ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை! எல்லா டபுளுக்கும் இப்படித்தான். ஒரு டபுளை முழுதாக அடைத்தால் அதற்குப் பெயர் "கோட்டை", கடைசிக் கட்டை வைத்தவனுடைய சோடிக்குப் பத்துப் புள்ளி. நாலு பேர், எதிரெதிரே இருப்பவர்கள் சோடி, ஆளுக்கு ஏழு கட்டை, டபுள் ஆறு வைத்திருப்பவன் நடுவில் தொடங்குவான். கோட்டை விழுவது அருமை, விழுந்தால் விடுதிப் பொறுப்பாசிரியர் எழும்பி வருகிற அளவுக்குச் சத்தம்.

நான்கு பக்கமும் அடைபட்டுத் தனித்துப்போன வீட்டைக் "கிணறு" என்றோம். கட்டைக்கு இரண்டு வீடு வேண்டுமே, கிணற்றை இனி யாராலும் நிரப்ப முடியாது. ஆட்டம் முடியும்போது கையில் தங்கிய கட்டையின் புள்ளிகள் எதிர்ச் சோடிக்குப் போகும், அதனால் கட்டை குறைவாக வைத்திருப்பவர்கள் வேண்டுமென்றே கிணறு தோண்டுவார்கள். எட்டுக் கிணறு வரை பயமில்லை, ஒன்பதாவது விழுந்தால்தான் ஒரு கட்டையாவது வெளியில் நிற்கும் என்று எல்லோரும் எண்ணிக்கொண்டு ஆடினோம்.

கொக்கட்டிச்சோலைக்காரன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் கணித சேர் ஒருநாள் வகுப்பில் செஸ் பலகையின் எதிரெதிர் மூலை இரண்டையும் வெட்டிவிட்டு, மிச்சமுள்ள 62 வீட்டையும் 31 டொமினோவால் மூட முடியுமா என்று கேட்டிருந்தார். முடியாது, வெட்டிய மூலை இரண்டும் ஒரே நிறம், ஒவ்வொரு கட்டையோ ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மூடும். இவன் அதைப் பிடித்துக்கொண்டு, ஆட்டத்தின் நடுவில் வெண்கட்டியை எடுத்து ஒன்றுவிட்ட வீடுகளையெல்லாம் தேய்த்து வெள்ளையாக்கினான். தேய்க்காமல் விட்ட நிறத்தில் ஐந்து கிணறு. "32 கறுப்பில அஞ்சு போனா 27. மறுகா எப்பிடிடா 28 கட்டையும் உள்ளுக்குப் போகும்?"

வெண்கட்டித் தூள் அவன் முழங்கை வரை. நாங்கள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தோம், சரிதான். ஒன்பது வரை போகவேண்டியதில்லை, ஒரே நிறத்தில் ஐந்து போதும். அன்றிலிருந்து எந்தக் கிணறு எந்த நிறம் என்று பார்க்காமல் யாரும் கட்டை வைக்கவில்லை. கையில் நல்ல கட்டை வராதவனும் வெல்லத் தொடங்கினான், எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்தது அதுதான். விதி ஒன்றையும் நாங்கள் கூட்டவில்லை, பலகைக்கு நிறம் பூசியதோடு சரி.

இப்போது என் பிள்ளைகளோடு ஆடுவது ஒன்பது வரை உள்ள பெட்டியில். 55 கட்டை, 110 வீடு, அதனால் பதினொன்றுக்குப் பதினொன்று பலகை செய்திருக்கிறேன். 121 வீட்டில் மூலை நிறம் 61, மற்றது 60. அதாவது மூலை நிறத்தில் ஆறு கிணறு தாங்கும், மற்றதில் ஐந்துதான். இந்த ஒன்று வித்தியாசத்தை அப்படியே விடுவதா, நடு வீட்டைத் தொடக்கத்திலேயே அடைத்து இரண்டையும் 60 ஆக்குவதா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. நடு வீடும் மூலை நிறம்தான், அடைத்தால் கணக்குச் சரியாக வரும், ஆனால் முதல் கட்டையை எங்கே வைப்பது? அந்தக் காலத்து ஆட்கள் ஒன்றுகூடலுக்கு வரும்போது யோசித்துக்கொண்டு வாருங்கள், பலகையை நான் கொண்டுவருகிறேன்.