அம்மா இறந்த பிறகு நான் தேடிப்போன சிகிச்சை

நெஞ்சை அடைக்கிறது என்றுதான் முதலில் மருத்துவரிடம் போனேன். அம்மா இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. நள்ளிரவு தாண்டியதும் விழிப்பு வந்துவிடும், அதன் பிறகு விடியும்வரை தூக்கம் கிடையாது. பகலில் பிள்ளைகள் தட்டை வைக்கும் சத்தத்துக்கே எரிந்து விழுவேன். தெருமுனையில் கிளினிக் வைத்திருக்கும் மருத்துவர் இசிஜி எடுத்தார். தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 எல்லாவற்றுக்கும் ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தைராய்டு குறைந்தாலும் மனச்சோர்வு போலவே தோன்றலாம், அதனால்தான் முதலில் இதைப் பார்க்கிறோம் என்று விளக்கினார். எல்லாம் சரியாக இருந்தது. அறிக்கையை மடித்துக் கையில் கொடுத்து, "ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கம்மா" என்றார். கண் மருத்துவரைப் பார்க்கச் சொல்வது போல, குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். அந்தச் சாதாரணமான குரல்தான் என்னை அடுத்த படிக்கு நகர்த்தியது.

வீட்டில் அவ்வளவு எளிதாக இல்லை. "நம் குடும்பத்தில் யாரும் அங்கெல்லாம் போனதில்லையே, திதி கொடுத்தால் சரியாகிவிடும்" என்றார் சித்தி. திதியும் கொடுத்தோம். என் கணவர் மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் காலையில் ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நின்றார்.

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செலவே இல்லை. மருத்துவர் தூக்கம், பசி, வேலையில் கவனம் பற்றியெல்லாம் கேட்டுவிட்டு, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்றும் நேராகக் கேட்டார். இது மிதமான மனச்சோர்வு, இதற்கு மாத்திரையும் உதவும், பேச்சுவழிச் சிகிச்சையும் உதவும், எதில் தொடங்குவது என்பதை நீங்களே சொல்லலாம் என்றார். நான் பேச வேண்டும் என்றேன். எனக்குப் பின்னால் வரிசை வராந்தாவைத் தாண்டி நின்றது. வாரம் ஒரு முறை, ஒரே ஆளுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்க அங்கே ஆள் இல்லை. இது அந்த மருத்துவரின் குறை அல்ல. 2015-16இல் 12 மாநிலங்களில் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. மனநலச் சிகிச்சை தேவைப்படுவோரில் பெரும்பாலோருக்கு அது கிடைப்பதில்லை என்று அது சொன்னது. மாவட்ட மருத்துவமனைகளில் உளவியலாளர் பணியிடங்களைக் கூட்டாமல் இந்த இடைவெளி எப்படிக் குறையும்?

வெளியே தேடியபோது கிடைத்த முதல் ஆலோசகர் அன்பானவர். ஆனால் அரை மணி நேரத்தில் பாதிக்கு மேல் அவரே பேசினார். நல்லதையே நினையுங்கள், கோயிலுக்குப் போங்கள், அம்மா மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றார். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்தது சில வாரப் பயிற்சிக்கான சான்றிதழ். போனபோது இருந்ததைவிடப் பாரம் கூடித்தான் வெளியே வந்தேன். பேச்சால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றிய நாட்கள் அவை.

அன்று இரவு 14416க்கு அழைத்தேன். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். எடுத்த பெண் என்னைப் பேசவிட்டார். அழுதபோது அவசரப்படுத்தவில்லை. பிறகு யாரிடம் எதற்குப் போக வேண்டும் என்று பொறுமையாகப் பிரித்துச் சொன்னார். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பெரும்பாலும் இரண்டு ஆண்டு எம்.ஃபில். படித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருப்பார், மருந்து எழுத மாட்டார். ஆலோசகர் என்ற பலகையை வைக்க இவ்வளவு படிப்பு இல்லாமலும் முடிகிறது. "பதிவு எண்ணைக் கேளுங்கள் மேடம், அது உங்கள் உரிமை" என்றார். இதை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எல்லோருக்கும் சொல்லப்பட வேண்டும்.

அடுத்து தேடிப்பிடித்த மருத்துவ உளவியலாளரிடம் தொலைபேசியிலேயே கேட்டேன்: பதிவு எண் என்ன, துக்கத்தில் இருப்பவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா, எந்த முறையில் சிகிச்சை தருகிறீர்கள், கட்டணம் என்ன. அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நிதானமாகப் பதில் சொன்னார். அந்த நிதானத்திலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் சந்திப்பில் ஒரு தாள் கொடுத்தார். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தீர்கள் என்று ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்றுவரை மதிப்பெண். மொத்தம் கூடினால் சோர்வு அதிகம் என்று பொருள். இடையிடையே இதே தாளை மறுபடியும் நிரப்பிப் பார்ப்போம், நமக்குத் தோன்றுவதை மட்டும் நம்ப வேண்டாம் என்றார். நான் சொல்வது வெளியே போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அதற்கு விலக்கு உண்டு என்று தெளிவாகச் சொன்னார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்த ரகசியக் காப்பை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. அலுவலகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது பெரிய ஆறுதல்.

மூன்று வாரம் சுற்றி வளைத்துப் பேசிய பிறகுதான் உள்ளே கிடந்தது வாய்க்கு வந்தது. அம்மாவுக்கு மறதி நோய். கடைசி வருடங்களில் என்னை யாரென்று தெரியாமல் கையைத் தட்டிவிடுவார், இரவெல்லாம் எழுந்து கதவைத் திறக்கப் பார்ப்பார். அவர் போன அன்று எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதி. அதை எந்த உறவிடம் சொல்ல முடியும்? சிகிச்சையாளர் திடுக்கிடவில்லை. ஒரு நோட்டைத் திறந்து கோடு போட்டார். நிகழ்வு, மனத்தில் ஓடிய எண்ணம், உணர்ச்சி, அந்த எண்ணத்துக்கு ஆதரவு, எதிர்ச்சான்று என்று கட்டங்கள். 1960களில் ஆரோன் பெக் வளர்த்தெடுத்த அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் வழக்கமாகச் செய்வது இது. எண்ணத்தின் கட்டத்தில், "நிம்மதிப்பட்டேன், ஆகவே நான் பாசமில்லாத மகள்" என்று எழுதினேன்.

"என்ன நின்றதால் நிம்மதி வந்தது?" என்று கேட்டார்.

நான் வெகு நேரம் யோசித்தேன். அம்மாவின் பயம் நின்றது. இருட்டில் தன் அம்மாவைத் தேடி அவர் அழுத அழுகை நின்றது. என் தூக்கமின்மையும் நின்றது, அதையும் எழுதச் சொன்னார். எதிர்ச்சான்றுக் கட்டத்தில் அம்மாவுக்கு நான் சாதம் மசித்து ஊட்டியது, படுக்கைப்புண் வராமல் இரவிலும் புரட்டிப் படுக்கவைத்தது என எழுதிக்கொண்டே போனதில் பக்கம் நிறைந்தது. அவர் எனக்கு ஒரு ஆறுதலும் சொல்லவில்லை. என் கையாலேயே எழுத வைத்தார். முதல் ஆலோசகரின் அறையிலிருந்து இந்த அறை வேறுபட்டது இங்கேதான்.

எல்லா வாரமும் இப்படி இருந்ததில்லை. சில சந்திப்புகளுக்குப் பிறகு இரண்டு நாள் இன்னும் மோசமாக இருந்தேன், அப்படி ஆகலாம் என்று அவர் முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். அவர் இருந்தது திருச்சியில். ஒவ்வொரு வாரமும் பஸ்ஸில் போய்வர முடியாதபோது காணொளியில் பேசினோம். எங்கள் வீட்டில் தாழிட்டுக்கொள்ள ஒரு அறை கிடையாது. மொட்டைமாடிப் படிக்கட்டு அறையில் உட்கார்ந்து பேசுவேன், கணவர் கீழே யாரும் ஏறி வராமல் பார்த்துக்கொள்வார்.

பணம்தான் உறுத்தல். ஒரு சந்திப்புக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல். உடல் நோய்க்குத் தரும் அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் மருத்துவமனையில் தங்கினால்தான் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருகின்றன, வாரம் ஒரு மணி நேரப் பேச்சுக்குத் தருவதில்லை. கட்டணத்தைக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். கொஞ்சம் குறைத்துக்கொண்டார், பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று மாற்றினோம்.

இப்போது மாதம் ஒருமுறை பேசுகிறேன். தாளில் மதிப்பெண் ஐந்துக்குக் கீழே வந்திருக்கிறது. தூக்கம் தொடர்ந்து கெட்டாலோ, பிள்ளைகளிடம் குரல் உயர்ந்தாலோ அடுத்த மாதம்வரை காத்திருக்காமல் அழைக்க வேண்டும் என்று இருவரும் சேர்ந்து எழுதிய பட்டியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அம்மாவின் முதல் திவசம் வரும் வாரத்துக்கு மட்டும் கூடுதலாக ஒரு நேரம் இப்போதே கேட்டு வைத்திருக்கிறேன்.