இருபதடி ஒழுங்கை

மதுரைக்கு வந்த புதிதில் நான் 'ஒழுங்கை' என்று சொன்னால் யாருக்கும் புரியவில்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு வேலிகளுக்கு நடுவே போகும் சின்னப் பாதைக்கு அதுதான் பெயர். இங்கே முடுக்கு என்கிறார்கள், சந்து என்கிறார்கள், கொஞ்சம் அகலமாக இருந்தால் தெரு. கொடிகாமத்தில் எங்கள் வீட்டு ஒழுங்கையில் முதலில் சைக்கிள் மட்டும்தான் போகும். ஒரு நாள் அயலவர்கள் கூடிக் கதைத்து இரண்டு பக்க வேலியையும் பின்னால் தள்ளினார்கள். அப்பா வேலிக்கம்புகளான கதியால்களைப் பிடுங்கி எங்கள் வளவுக்குள் இரண்டடி தள்ளி நட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு பிரதேச சபை வந்து கல்லும் மண்ணும் போட்டுத் தந்தது.

2012இல் திருமணமாகி இங்கே வந்தேன். கணவருக்கு மேலூர் பக்கம் சொந்த ஊர். அடுத்த ஆண்டே அழகர்கோவில் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மாநகராட்சி எல்லைக்கு வெளியே, மூன்றரை சென்ட் மனை வாங்கினோம். பத்திரம் அவர் பெயரில் மட்டும்தான். இலங்கைக் குடியுரிமை உள்ளவர்கள் ரிசர்வ் வங்கியின் அனுமதி இல்லாமல் இந்தியாவில் மனை வாங்க முடியாது. நான் விற்ற நகையின் பணம் அந்த மனையில் இருக்கிறது, பெயர்தான் இல்லை.

வயலாக இருந்த இடம். பெரியாற்றுத் தண்ணீரில் நெல் விளைந்த மண். கல் ஊன்றி மனை மனையாகப் பிரித்து, வரைபடத்தின் நடுவில் 'இருபதடிப் பாதை' என்று எழுதி விற்றிருந்தார்கள். அப்ரூவல் கிடையாது. அன்றைக்கு அக்கம்பக்கத்தில் பலரும் அப்படித்தான் வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை போட்டது. மறு ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20ஆம் தேதி வரை பதிவான மனை என்றால் பணம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். நாங்களும் கட்டினோம். வரன்முறைக் கட்டணம் என்று ஒரு தொகை, வளர்ச்சிக் கட்டணம் என்று இன்னொரு தொகை. அந்த இரண்டாவது பெயரை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

2018இல் குடிவந்தோம். அந்த ஐப்பசியிலேயே பாதை எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது. எங்கள் ஊரில் மாரி எவ்வளவு கொட்டினாலும் அடியில் சுண்ணாம்புக்கல் என்பதால் மண் தண்ணீரைச் சீக்கிரம் குடித்துவிடும். வயல் மண் அப்படியில்லை, பிடித்து வைத்துக்கொள்ளும். செருப்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர் தெருமுனையில் இறக்கிவிட்டுப் போன் போடுவார். பள்ளி வேன் உள்ளே வராது. மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு, சேலையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மெயின் ரோடு வரை நடப்பேன்.

சரி, மனு எழுதிக் கொடுப்போம் என்று ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "தான பத்திரம் வந்திருக்காம்மா?" என்று கேட்டார். எனக்கு அந்த வார்த்தையே புதிது. அங்கீகாரம் வாங்கிப் பிரிக்கும் மனைப்பிரிவில் சாலையை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிப் பதிவு செய்து கொடுக்க வேண்டும். எங்கள் பாதைக்கு அது நடக்கவில்லை. வருவாய்க் கணக்கில் அது இன்னும் பழைய நிலக்காரர் பட்டாவிலேயே கிடந்தது. "அடுத்தவர் பட்டா நிலத்துல அரசுப் பணத்த எப்படிம்மா போடுறது? நீங்க மனைக்காரங்க எல்லாம் சேந்து பாத்துக்கங்க" என்றார்.

அவர் சொன்ன விதி தவறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே அலுவலகம் அந்தப் பாதையில் இருக்கும் 14 வீடுகளுக்கும் வருஷா வருஷம் வீட்டு வரி ரசீது போடுகிறது. வளர்ச்சிக் கட்டணமும் வாங்கியாயிற்று. பணம் வாங்கும்போது எங்கள் தெரு ஊருக்குள் இருக்கிறது, மண் கொட்டச் சொன்னால் தனியார் நிலமாகிவிடுகிறது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஒழுங்கை ஆருடையது எண்டு கேக்கிறவையோ? அது எல்லாருடையதும்தானே பிள்ளை" என்றார். டொராண்டோவில் இருக்கும் அக்கா வேறு கதை சொன்னாள். அங்கே பல இடங்களில், பனி விழுந்து நின்ற 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையை வீட்டுக்காரரே துப்பரவாக்க வேண்டும் என்று விதி இருந்ததாம். பிறகு பெரும்பாலான தெருக்களில் நகராட்சியே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. அங்கேயும் பொறுப்பு வீட்டுக்காரர் தலையில்தான் இருந்திருக்கிறது. ஆனால் நடைபாதை நகராட்சியுடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இங்கே எங்களுக்குத் தெரியாமல் இருந்ததே அதுதான்.

தெருவின் கடைசி வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடினோம். 'நமக்கு நாமே திட்டம்' பற்றி அவர்தான் சொன்னார். 1997-98இல் தொடங்கிய திட்டம், நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறி, 2021க்குப் பிறகு பழைய பெயருக்கே திரும்பியது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். பேவர் பிளாக் கல் பதிக்க 6 லட்சம் ஆகும் என்று கணக்கு. எங்கள் பங்கு 2 லட்சம்.

இரண்டு லட்சத்தை எப்படிப் பிரிப்பது என்பதில்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. வீட்டுக்கு இவ்வளவு என்றால், ஒரு சென்ட்டில் ஓட்டு வீடு கட்டியிருக்கும் பூக்கட்டும் அக்காவும் மாடி வீட்டுக்காரரும் ஒரே தொகை கொடுக்க வேண்டும். முகப்பு அடிக்கு இவ்வளவு என்றால் மூலை மனைக்காரர் எழுந்துவிட்டார். "எனக்கு ரெண்டு பக்கமும் பாதைங்கிறதுக்காக ரெண்டு பங்காண்ணே?" முனையில் இருப்பவருக்கு மெயின் ரோட்டிலிருந்து பத்தடிதான், அவர் ஏன் கடைசி வீடு வரைக்கும் பணம் தர வேண்டும்? ஒவ்வொருவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. காலி மனைகள் வேறு 22. ரோடு வந்தால் அவற்றின் விலை ஏறும். சொந்தக்காரர்கள் துபாயில், சிங்கப்பூரில், சென்னையில். நானே போன் போட்டுக் கேட்டேன். ஆறு பேர் அனுப்பினார்கள். இரண்டு வாடகை வீடுகளின் சொந்தக்காரர்கள் "குடியிருக்கிறவங்ககிட்ட வாங்கிக்கங்க" என்றார்கள். பூக்கட்டும் அக்கா, நாங்கள் கேட்கும் முன்பே மூவாயிரம் கொண்டு வந்து கொடுத்தார். "மழையில பூக்கூடையோட விழுந்தவ நான்தான மதினி" என்றார். என்னை மதுரையில் முதன்முதலில் மதினி என்று கூப்பிட்டவர் அவர்.

அரசின் வேலையை மக்கள் கையில் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று அந்த மாடியில் உட்கார்ந்து பார்த்தேன். பணம் இருக்கும் தெரு கல் பதித்துக்கொள்ளும், இல்லாத தெரு சேற்றில் கிடக்கும். எங்களுக்கு அடுத்த தெருவில் ஒன்பது வீடுகளும் கூலி வேலைக்காரர்கள் வீடுகள். அவர்கள் இரண்டு லட்சத்துக்கு எங்கே போவார்கள்?

பணம் சேர்ந்தாலும் பாதை பொதுச் சொத்தாக இருந்தால்தான் திட்டத்தில் வரும். அதனால் பட்டாக்காரரைத் தேடினோம். அவர் காலமாகிவிட்டார். வாரிசுகள் நான்கு பேர், ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். வாரிசுச் சான்றிதழ், பத்திர எழுத்தர், நான்கு பேருக்கும் ஒத்துவரும் ஒரு நாள் என்று எட்டு மாதம் ஓடியது. கடைசியில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நான்கு பேரும் கைரேகை வைத்துத் தானமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. மூத்தவர் மட்டும், "எங்கப்பா உழுத இடம், நல்லாப் போடச் சொல்லுங்க" என்றார்.

ஆசிரியர் வேறொரு கவலையில் இருந்தார். ரோட்டை மேலே மேலே போட்டு வீடுகள் பள்ளத்துக்குள் போன தெருக்களை அவர் நகரத்தில் நிறையப் பார்த்திருக்கிறார். வாசலை உயர்த்தும் செலவும் வீட்டுக்காரருக்குத்தான். 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த வெ. இறையன்பு, பழைய தார்ப்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று எழுதிய உத்தரவின் நகலைப் பையிலேயே வைத்திருந்தார். எங்கள் தெருவிலும் முதலில் மண்ணை வெட்டி எடுத்துவிட்டுத்தான் கல் பதிக்க வேண்டும் என்று எழுதி வாங்கினார்.

போன மாதம் அளக்க வந்தார்கள். இருபதடிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தவர் எங்கள் வாசலில் நின்றார். பைக் ஏற்றுவதற்காகக் கட்டிய சறுக்கு இரண்டடி பாதைக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. முனைவீட்டுப் படியும் அப்படித்தான், மூலை மனைக்காரரின் செடிப்பாத்தியும் அப்படித்தான். எல்லாரும் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கணவர் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்க் கடப்பாரையை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் சறுக்கை உடைத்துவிட்டோம். மறுநாள் காலையில் முனைவீட்டில் கொத்தனார் படியை இடித்துக்கொண்டிருந்தார்.