மறுப்புக் கடிதத்தின் ஒற்றை வரி

காச்சர் நோயுள்ள எங்கள் மகளுக்கு மருத்துவர் எழுதிய நொதி மருந்து "மருத்துவரீதியாகத் தேவை என நிறுவப்படவில்லை" என்று, இன்று வந்த காப்பீட்டு மறுப்புக் கடிதம் ஒரே வரியில் முடித்துவிட்டது.

அந்த வரியின் கீழ் எந்த மருத்துவரின் பெயரும் இல்லை.

ஒருவகைக் கொழுப்பைச் சிதைக்கும் நொதி குறைவதால் மண்ணீரலும் கல்லீரலும் வீங்கி எலும்புகள் நலியும் இந்நோய்க்கான நொதி மாற்றுச் சிகிச்சை 1991-லேயே முதல் அங்கீகாரம் பெற்றது; இரண்டு வாரத்திற்கு ஒருமுறை மருந்தை ஏற்றியாக வேண்டும், மேல்முறையீடு முடியும்வரை நோய் காத்திருக்காது.

அரிய நோய்களில் நோயாளிகள் குறைவு என்பதால் ஆய்வுகளும் சிறியவையாகவே இருக்கும். அதைச் சான்றின்மை என்று கொள்வது அநியாயம்.

எந்த விதியின்கீழ் மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். இந்நோயை அறிந்த மருத்துவர் ஒருவரே கோப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று நாங்கள் இன்றே எழுதிவிட்டோம்.