'நவாப்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு கர்நாடகப் போர்களைப் படித்தேன்

குரூப் 2 தேர்வுக்குப் படித்தபோது, 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் தென்னிந்தியாவில் மோதிய கர்நாடகப் போர்கள் எனக்குப் பிடிபடவே இல்லை. ஆண்டுகள் மனப்பாடம் ஆகிவிட்டன. யார் யாருக்குக் கீழ் என்பதுதான் குழப்பம். ஹைதராபாத் நிஜாம் இறந்தால் ஆற்காட்டில் ஏன் போர் மூள வேண்டும்? ஒரு மாதிரித் தேர்வில் நிஜாமை நவாபுக்குக் கீழே வைத்து விடையெழுதினேன்.

விடை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது. அரபியில் 'நாயிப்' என்றால் பிரதிநிதி, இன்னொருவருக்குப் பதிலாக நிற்பவர். அதன் பன்மையான 'நுவ்வாப்', பாரசீகம், உருது வழியாக 'நவாப்' ஆயிற்று. பன்மையை ஒருவருக்கே சூட்டியது மரியாதைக்காக. ஒரே ஆளை நாம் 'அவர் வந்தார்' என்பதைப் போல. எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவரின் வாசல் பலகையில், பெயருக்குக் கீழே 'நாயிப் சுபேதார்' என்று எழுதியிருக்கும். சிறுவயதிலிருந்து பார்த்த பலகை. இரண்டும் ஒரே நாயிப் என்று உறைத்தபோது அதன் முன் நின்றுவிட்டேன்.

பிரதிநிதி என்றால் யாருக்குப் பிரதிநிதி என்ற கேள்வி உடனே வருகிறது. அதைக் கேட்டதும் பாடம் தெளிந்தது. முகலாயப் பேரரசரின் பெயரால் தக்காணத்தை ஆண்டவர் நிஜாம். அவருக்குக் கீழே ஆற்காட்டு நவாப். அன்வருதீனை 1744-இல் நவாபாக அமர்த்தியவரே நிஜாம்தான். 1748-இல் அந்த நிஜாம் ஆசப் ஜா இறந்ததும், அடுத்த நிஜாம் யாரோ அவர் கைக்கு நவாபை அமர்த்தும் உரிமையும் போகும். அதனால்தான் நிஜாம் பதவியைக் கேட்ட முசாபர் ஜங்கும் நவாப் பதவியைக் கேட்ட சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களோடு கைகோத்தார்கள். 1749-இல் ஆம்பூர்ப் போரில் அன்வருதீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை நின்றார்கள்.

நீங்களும் பட்டப்பெயர் வருமிடமெல்லாம் நோட்டின் ஓரத்தில் இரண்டு குறிப்பு எழுதுங்கள்: பொருள் என்ன, கொடுத்தவர் யார். இரண்டாவதுதான் மதிப்பெண் தரும். 'வாலாஜா' என்றால் உயர்ந்த நிலையுடையவர். முகமது அலிக்கு அதைக் கொடுத்தவர் பேரரசர் ஷா ஆலம். அவர் 1765-இல் பிறப்பித்த ஃபர்மான், அதாவது அரசாணை, நிஜாமின் பிடியிலிருந்தும் ஆற்காட்டை விடுவித்தது. சென்னையில் வாலாஜா சாலைப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆண்டை ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன்.