டூம் மூன்றையும் தோட்டாக் கணக்கு பார்த்து ஆடியது

அரக்கர்களைச் சுட்டுத் தள்ளும் வீடியோ கேம் டூம். 1993-இல் வந்த டூம், 2016-இல் அதே பெயரில் வந்த டூம், 2020-இல் வந்த டூம் எடர்னல். மூன்றையும் இந்த முறை ஒரே மூச்சில் வரிசையாக ஆடினேன். கிராபிக்ஸ், கதை பக்கமெல்லாம் போகவில்லை. கவனித்தது ஒன்றைத்தான்: தோட்டா தீர்ந்துபோனால் இந்த கேம் என்னை என்ன செய்ய வைக்கிறது? பழசு உசத்தியா புதுசு உசத்தியா என்ற சண்டையில் யாரும் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை. எனக்கென்னவோ துப்பாக்கி கேமின் குணம் முழுக்க இதில்தான் இருக்கிறது என்று படுகிறது.

பழைய டூமை இன்றைய கணினியில் ஓட்டும் சாக்லேட் டூம் என்ற மென்பொருளில் போட்டேன். டூமைச் செய்த ஐடி சாஃப்ட்வேர் 1997-இல் மூல நிரலை வெளியிட்டதால் இன்று இதை ஓட்டப் பல வழிகள் உண்டு. அதில் சாக்லேட் டூம் அந்தக் காலத்து 320×200 திரையை அப்படியே காட்டும். மேலே கீழே குறிபார்க்க முடியாது, தேவையும் இல்லை. அல்ட்ரா வயலன்ஸ் என்ற கடினநிலை, ஒவ்வொரு லெவலும் பிஸ்டலோடு மட்டும் தொடக்கம். இது நான் கண்டுபிடித்த கெடுபிடி அல்ல. சேவ் செய்யாமல் செத்தால் கேமே உங்களை லெவலின் தொடக்கத்தில் பிஸ்டலும் 50 தோட்டாவுமாகத்தான் கொண்டுபோய் விடும். அதனால் லெவல் செய்தவர்களும் அந்த 50 தோட்டாவை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இப்படி ஆடும்போதுதான் கணக்கு புரிய ஆரம்பிக்கிறது. பிஸ்டல் தோட்டா ஒன்று 5, 10 அல்லது 15 சேதம் செய்யும். நெருப்புருண்டை வீசும் இம்ப்புக்கு உயிர் 60. சராசரியாக ஆறு தோட்டா போய்விடும், அதுவும் எல்லாம் பட்டால். ஆக, 50 தோட்டா என்பது எட்டு இம்ப். ஆனால் ஷாட்கன் வைத்திருக்கும் மொட்டைத்தலை சார்ஜென்டுக்கு உயிர் 30தான். அவனைச் சாய்த்தால் அவன் துப்பாக்கி கீழே விழும், கூடவே நான்கு ஷெல், அதாவது ஷாட்கன் தோட்டா. தரையில் கிடக்கும் ஷாட்கன் என்றால் எட்டு. ஷாட்கன் ஒரு சூட்டில் ஏழு குண்டு தெறிக்கும், பக்கத்தில் நின்றால் பெரும்பாலும் ஒரே சூட்டில் இம்ப் காலி. எனவே எந்த லெவலில் இறங்கினாலும் முதல் கேள்வி, இங்கே யாரிடமிருந்து ஷாட்கன் பிடுங்கலாம் என்பதுதான். முன்னால் இம்ப் நின்று கத்திக்கொண்டிருந்தாலும் அதை விட்டுவிட்டு, மூலையில் இருக்கும் சார்ஜென்டைத் தேடி ஓட வேண்டும்.

இன்னொரு வழி, ஒரு தோட்டாகூடச் செலவழிக்காமல் இருப்பது. இம்ப்பின் நெருப்பு இன்னொரு இம்ப்பைச் சுடாது. ஆனால் வேறு இனத்தின்மேல் பட்டால் அது திரும்பி அடிக்க வரும். ஒரு பக்கம் இம்ப்கள், மறுபக்கம் மிதந்து வரும் ககோடீமன். நடுவில் போய் நின்று, உருண்டை கிளம்பியதும் அரை அடி விலகினால் போதும். ககோடீமன் அடி வாங்கி, என்னை மறந்து இம்ப்கள் பக்கம் திரும்பிவிடும். அதன் உயிர் 400, என் பிஸ்டலுக்குக் கட்டுப்படியாகாத தொகை. நான் தூணுக்குப் பின்னால் வேடிக்கை பார்த்துவிட்டு மிச்சத்தை முடித்தேன். அப்புறம் பெர்செர்க் பெட்டி. எடுத்தவுடன் திரை சிவந்து கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும், ஆனால் கைக்குத்தின் பத்து மடங்கு பலம் அந்த லெவல் முடியும்வரை இருக்கும். கடிக்க ஓடிவரும் பிங்க்கி அரக்கன் எத்தனை வந்தாலும் குத்தியே அனுப்பலாம்.

2016-க்கு வந்தால் எல்லாம் தலைகீழ். பிஸ்டலுக்குத் தோட்டாவே தீராது. அடி வாங்கித் தள்ளாடும் அரக்கனைக் கையால் முடித்தால் ஹெல்த் கொட்டுகிறது, செயின்ஸாவால் அறுத்தால் தோட்டா கொட்டுகிறது. பதுங்கி உயிர் தேற்றிக்கொள்ளும் பழக்கத்தை ஒரே அடியில் ஒழித்த நல்ல யோசனை. முதல் பாதி, குறிப்பாக ஃபவுண்டரி லெவல், எனக்கு மூன்று கேம்களிலும் சேர்த்துப் பிடித்த இடங்களில் ஒன்று. ஆனால் சூப்பர் ஷாட்கன் கிடைத்ததும் சோம்பல் வந்துவிடுகிறது. எல்லாவற்றுக்கும் அதுவே போதும். போதாததற்கு 'ரிச் கெட் ரிச்சர்' என்று ஒரு ரூன் (மாட்டிக்கொண்டால் கூடுதல் சக்தி தரும் பொருள்): ஆர்மர் 100 அல்லது அதற்கு மேல் இருந்தால் சாதாரண துப்பாக்கிகளில் தோட்டா குறையவே குறையாது. அதை மாட்டியதும் நான் சோதிக்க வந்த விஷயமே காணாமல் போயிற்று. கழற்றி வைத்துவிட்டுத்தான் மேலே போனேன். கடைசி லெவல்கள் பூட்டிய அரங்கம், அலை அலையாக அரக்கர்கள், மறுபடி பூட்டிய அரங்கம். சொல்ல ஒன்றுமில்லை.

எடர்னலில் பிஸ்டலே கிடையாது. தோட்டாப் பையும் சின்னது, கொஞ்சம் அசந்தால் காலி. அதற்கு ஈடாக செயின்ஸாவுக்கு ஒரு கட்டை எரிபொருள் தானாக ஊறுகிறது. தீயைப் பீய்ச்சினால் ஆர்மர், கைக்குத்தால் முடித்தால் ஹெல்த், அறுத்தால் தோட்டா. முதல் சில மணி நேரம் எரிச்சலாகத்தான் இருந்தது. மூன்று அடுப்பிலும் ஏதோ கொதிக்க, ஒன்று பொங்குமுன் இன்னொன்றைக் கிளற வேண்டிய நிலை. கை பழகியதும் வேறு எந்த கேமிலும் இந்த வேகம் இல்லை என்று தோன்றியது. ககோடீமன் வாய் திறக்கும்போது கிரெனேடை உள்ளே போட்டால் விழுங்கிவிட்டுத் தள்ளாடும், அப்போது பாய்ந்து முடிக்கலாம். இதை நானே கண்டுபிடிக்க விட்டிருக்கலாம். கேம் சண்டையை நிறுத்தி, பெட்டி போட்டுச் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. ஒவ்வொரு அரக்கனுக்கும் இப்படி ஒரு பாடம்.

எடர்னலின் மராடர் என்ற எதிரி பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆர்க் காம்ப்ளெக்ஸ் லெவலின் முடிவில் முதலில் வருகிறான். கிட்டே போனால் ஷாட்கன், தூரம் போனால் கோடாரியிலிருந்து வீச்சு, சுட்டால் கேடயம். நடுத் தூரத்தில் நின்று, கண் பச்சையாக மின்னும் நொடியில் மட்டும்தான் அடிக்க முடியும். சூப்பர் ஷாட்கன், உடனே பல்லிஸ்டா என்ற இன்னொரு துப்பாக்கி, மறுபடி சூப்பர் ஷாட்கன் என்று மாற்றி அடித்தால் சீக்கிரம் விழுவான். கஷ்டம் என்று குறை சொல்ல மாட்டேன். ஓடிக்கொண்டே இரு, கையில் கிடைத்ததை மாற்றி மாற்றிச் சுடு என்று அதுவரை சொன்ன கேம், இவன் வந்ததும் நின்று காத்திரு என்கிறது. அதுதான் ஒட்டவில்லை.

எனக்கு முதலிடம் இன்னும் 1993-க்குத்தான். அங்கே சுடுவதற்கு முன்னால் யோசிக்க இடம் இருக்கிறது, கணக்கு வரைபடத்திலேயே புதைந்திருக்கிறது. எடர்னலில் கணக்கு விரல்களில் ஓடுகிறது, களைத்துப்போன ராத்திரியில் அதை ஆட முடியாது. 2016 இரண்டுக்கும் நடுவில், ஆனால் யாராவது புதிதாகக் கேட்டால் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

2025-இல் வந்த அடுத்த டூமான தி டார்க் ஏஜஸை ஆட, ரே டிரேசிங் என்ற ஒளிக் கணிப்பு வசதி உள்ள கிராபிக்ஸ் கார்டு கட்டாயம். என்னிடம் இல்லை, இப்போதைக்கு வாங்கவும் போவதில்லை. அதனால் பழைய டூமுக்கே திரும்பி, 1995-இல் சேர்த்த நான்காவது எபிசோடை அதே பிஸ்டல் விதியோடு தொடங்கியிருக்கிறேன். அதன் இரண்டாவது லெவல், டூமை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ செய்தது. பிஸ்டலோடு தொடங்குகிறவர்களிடம் அதற்கு நல்ல பெயர் இல்லை. இப்போது அங்கேதான் நிற்கிறேன்.