ஐம்பது மைக்ரோகிராமும் அப்பத்தாவின் படியும்

போன சித்திரையில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. காரைக்குடி வெயிலில் பெட்டிக்குள் இருந்த ஐஸ் பேக் எல்லாம் இளகிவிட்டிருந்தது. நடுவில் பிளாஸ்டிக் கவருக்குள் ஒரு சின்ன டியூப். ஆய்வகத்தில் உதவிக்கு இருக்கும் அண்ணன் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா, திருப்பி அனுப்பிரலாமா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. உள்ளே இருந்தது ஐம்பது மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. உறையவைத்து உலர்த்திய புரதம் டியூப் சுவரிலோ மூடியின் அடியிலோ ஆடை போல ஒட்டியிருக்கும், கண்ணுக்குப் படாது. அதனால் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃபியூஜில் ஒரு சுற்று சுற்றி அடியில் இறக்கிவிட வேண்டும். எங்களைப் போன்ற சிறிய ஆய்வகத்துக்கு அதன் விலை சாதாரணமில்லை. மூடியோடு அதைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அந்தப் புரதத்தின் பெயர் சிடி16ஏ. நம் உடம்பில் நோயை எதிர்க்கும் இயற்கைக் கொல்லி செல்களின் மேல் இருக்கிற ஒரு ரிசெப்டர், அதாவது வேறொன்றைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி. ஆன்டிபாடி என்கிற நோய் எதிர்ப்புப் புரதம் இரண்டு கைகளால் எதிரி செல்லைப் பிடித்துக்கொள்ளும். அதன் வாலை இந்த சிடி16ஏ பிடிக்கும். வால் பிடிபட்டதும் கொல்லி செல் விழித்துக்கொண்டு எதிரி செல்லை அழித்துவிடும். அந்த வாலுக்கு எஃப்சி என்று பெயர். 1959-இல் ராட்னி போர்ட்டர் பப்பேன் என்கிற நொதியால் முயலின் ஆன்டிபாடியை வெட்டினார். கைகள் தனியாகவும் வால் தனியாகவும் வந்தன. குளிரில் வைத்ததும் வால் மட்டும் தானாகப் படிகமாகிவிட்டது. எஃப்சி என்ற பெயரில் உள்ள 'சி' அந்தப் படிகத்தைத்தான் குறிக்கிறது. 1972-இல் அவருக்கும் ஜெரால்டு எடல்மனுக்கும் நோபல் கிடைத்தது. பப்பேன் வேறு ஒன்றுமில்லை, பப்பாளிப் பாலில் இருப்பதுதான். முற்றிய ஆட்டுக்கறி வேகப் பப்பாளிக்காய்த் துண்டு போடுகிற வீட்டில் வளர்ந்தவளுக்கு இதைப் படித்த நாளில் அவ்வளவு சந்தோஷம்.

சனிக்கிழமைகளில் பள்ளத்தூரில் அப்பத்தாவிடம் போய்விடுவேன். அன்றைக்கு வளவில் உட்கார்ந்து சுண்டைக்காய் வத்தலைக் கிளறிக்கொண்டிருந்தவர், புதிதாக என்ன வந்தது என்று கேட்டார். சொன்னேன்.

"அதக் குடுத்தா சீக்கு தீந்துருமா ஆத்தா?"

"மருந்து இல்ல அப்பத்தா. மருந்து சரியா இருக்கான்னு அளந்து பாக்குற சாமான்."

"படி மாதிரியா?"

ஆமாம் என்றேன். நான் இத்தனை வருடம் எத்தனையோ பேருக்கு விளக்கியும் இவ்வளவு சுருக்கமாக வந்ததில்லை.

அப்பத்தா சீக்கு என்று கேட்டதற்குக் காரணம் உண்டு. பெரியப்பாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய் வந்து மதுரையில் ரிட்டுக்சிமாப் ஏற்றினார்கள். புற்றுநோய்க்கென 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆன்டிபாடி அது. 2007-இல் டாக்டர் ரெட்டீஸ் அதற்கு நிகரான மருந்தை இந்தியாவிலேயே கொண்டுவந்தது. இப்படி நிகர் மருந்து செய்கிறவர்கள், மூல மருந்தின் வாலும் தங்கள் மருந்தின் வாலும் ஒரே அளவுக்கு சிடி16ஏ-இல் ஒட்டுகின்றனவா என்று காட்டவேண்டும். அந்த அளவைக்குத்தான் இந்தக் கண்ணுக்குத் தெரியாத ஐம்பது மைக்ரோகிராம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். எவ்வளவு ஒட்டியது என்பதை நிறத்தால் அளக்கும் சோதனைக்கு எலைசா என்று பெயர். அதற்கான குழிகள் உள்ள தட்டில் ரிசெப்டரைப் பூசி, மேலே ஆன்டிபாடியைப் பல அளவில் நீர்த்து விட்டு, கழுவி, நிறம் வரவைக்க வேண்டும். நிறம் காட்டுகிற இரண்டாவது ஆன்டிபாடி வால் வெட்டப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே ரிசெப்டரில் போய் ஒட்டிக்கொண்டு எல்லாக் குழியையும் மஞ்சளாக்கிவிடும். அதெல்லாம் சரியாகத்தான் செய்தேன். ஆனாலும் நான் பார்த்துச் செய்த ஆய்வுக் கட்டுரையில் செங்குத்தாக ஏறிய கோடு என் தட்டில் படுத்தே கிடந்தது. பஃபரை மாற்றினேன், கழுவும் தடவையைக் குறைத்தேன், இரண்டு முறை மின்சாரம் போய் ஃப்ரீசர் சூடானதால் புரதம் கெட்டிருக்குமோ என்றும் பயந்தேன். புரதத்தின் எடையைக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். கணக்குப்படி 22 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) சொச்சம்தான் வரவேண்டும், ஆனால் பட்டை 40-க்கு மேலே நின்றது. கெட்டதற்கு அடையாளம் அல்ல அது. மனித செல்லில் செய்த சிடி16ஏ மேல் ஐந்து இடங்களில் சர்க்கரை தொங்கும், அதனால் கனமாகத் தெரியும். புரதம் நன்றாகவே இருந்தது. இப்படியே மூன்று வாரம் போனது.

கடைசியில் டியூபோடு வந்த தாளை வரிவரியாகப் படித்தேன். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் 176-ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலம் என்று இருந்தது. கட்டுரையில் 158-ஆம் இடத்தில் வாலின் (valine) என்ற இன்னொரு அமினோ அமிலம். இரண்டும் வேறு வேறு இடம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே இடம். புரதம் உருவாகும்போது தலைப்பில் இருந்து பிறகு வெட்டுப்படுகிற துண்டையும் சேர்த்து எண்ணினால் 176, விட்டுவிட்டு எண்ணினால் 158. விற்றவர்களின் விலைப்பட்டியலில் வெறும் சிடி16ஏ என்றுதான் போட்டிருந்தது. ஆனால் கேட்டு வாங்கவேண்டியவள் நான்.

மனிதர்களில் இரண்டு வகையும் உண்டு. டிஎன்ஏ-வில் ஒரே ஒரு எழுத்து வித்தியாசம். அந்த இடத்தில் வாலின் இருந்தால் ரிசெப்டர் ஆன்டிபாடியின் வாலை இறுக்கிப் பிடிக்கும், ஃபினைல்அலனின் இருந்தால் பிடி சில மடங்கு தளரும். 2002-இல் பிரான்சில் கார்ட்ரான் குழு ரிட்டுக்சிமாப் மட்டும் பெற்ற 49 ஃபாலிகுலர் லிம்ஃபோமா (ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்) நோயாளிகளைப் பார்த்தது. தாய்வழி, தந்தைவழி வந்த மரபணுவின் இரண்டு பிரதியும் வாலினாக இருந்த அத்தனை பேருக்கும் இரண்டு மாதத்தில் மருந்து கேட்டது. மற்றவர்களில் 67 சதவீதம் பேருக்குத்தான் கேட்டது. பிறகு கீமோதெரபியோடு சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் இந்த வித்தியாசம் அவ்வளவு சீராகத் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆன்டிபாடியின் வால் பகுதியில் 297-ஆம் இடத்தில் இருக்கும் சர்க்கரையிலிருந்து ஃபியூகோஸ் என்ற துண்டை எடுத்துவிட்டால் இரண்டு வகையுமே பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கின்றன. அந்த வழியில் செய்த மருந்துகளும் வந்துவிட்டன.

அடுத்த சனிக்கிழமை அப்பத்தாவிடம் இதைச் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து இரண்டாம் கட்டுக்குப் போய் இரண்டு பித்தளைப் படியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். பார்வைக்கு ஒன்று போலத்தான் இருந்தன. ஒன்று கொஞ்சம் குழிவு.

"எந்தப் படின்னு கேக்காமயா ஆத்தா அளக்க ஆரம்பிச்ச?"

வாலின் வகைக்கும் ஆர்டர் போட்டு இருபத்தி மூன்று நாள் காத்திருந்தேன். வந்த அன்றே தாளைப் படித்துவிட்டுத்தான் டியூபைத் தொட்டேன். கரைத்துச் சிறுசிறு பங்காகப் பிரித்தேன், உறைந்து உருகி உறைந்தால் கெட்டுவிடும் என்பதால். இரண்டு வகையையும் ஒரே தட்டில் அடுத்தடுத்த வரிசையில் பூசினேன். சாயங்காலம் ஐந்தரைக்கு அமிலம் விட்டபோது வாலின் வகை பூசிய மேல் வரிசை நல்ல மஞ்சள், ஃபினைல்அலனின் வகை பூசிய கீழ் வரிசை வெளிர் மஞ்சள். நிறத்தை அளக்கும் பிளேட் ரீடரில் வைக்கும் முன்பே தெரிந்துவிட்டது.

பெரியப்பாவுக்கு எந்த வகை என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவருக்கு மருந்து கேட்டது. போன வாரம் கொப்புடையம்மன் கோவில் வாசலில் பார்த்தபோது, ஆய்வகத்தில் என்ன செய்கிறாய் என்று அவரும் கேட்டார். வீட்டுக்கு வந்து சாவகாசமாகச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.