வடக்கே திருப்பினால் இலங்கை

ரொறன்ரோவிலிருந்து இலங்கை எந்தப் பக்கம் என்று நம் பழைய மாணவர் சங்கத்துப் பிள்ளைகளைக் கேட்டால் கிழக்கே கையை நீட்டுவார்கள். சுவரில் தொங்கும் தட்டைப் படம் அப்படித்தான் காட்டும். பூகோள உருண்டையில் நூல் பிடித்துப் பாருங்கள். வடக்கிலிருந்து ஏறத்தாழ 26 பாகை மட்டும் கிழக்கே சாய்ந்து அந்த நூல் புறப்படும். கிரீன்லாந்தின் பனியைக் கடந்து, 72ஆம் அகலாங்கு வரை ஏறி, ரஷ்யா, கசகஸ்தான், இந்தியா என்று இறங்கிக் கொழும்பைத் தொடும். தூரம் சுமார் 14,000 கிலோமீற்றர். வானொலி அலை போகும் குறுக்குவழி அதுதான்.

மலர்க்குழுவினர் கல்லூரி நினைவு ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். கிரிக்கெட் பற்றியும் விடுதிச் சாப்பாடு பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எங்கள் பௌதிக மாஸ்ரரைப் பற்றியும் அவர் பிடிக்க வைத்த சிற்றலைப் பைத்தியத்தைப் பற்றியும் எழுதுகிறேன். இங்கே அமெச்சூர் வானொலி நிலையம் வைத்துத் தூர தேசத்தாரோடு பேசுகிறவன் நான். எங்கள் வட்டத்தில் இதை டிஎக்ஸ் என்பார்கள். அதன் முதல் பாடம் யாழ்ப்பாணத்தில் கிடைத்தது.

1990இல் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுழற்ற, டைனமோவிலிருந்து வயர் இழுத்து வானொலி கேட்ட காலம் அது. இரவு ஒன்பதேகாலுக்குப் பிபிசியின் தமிழோசை. ஊரே அதற்குக் காத்திருக்கும். செய்தி தெளிவாக வந்துகொண்டிருக்கும்போதே குரல் மங்கும், மறுபடி எழும். அது ஏன் என்று மற்றவர்கள் யோசிக்கவில்லை. மாஸ்ரர் யோசிக்க வைத்தார்.

பகலில் சூரிய ஒளி, வானில் மின்னேற்றம் பெற்ற காற்றுப் பகுதியான அயன்மண்டலத்தின் அடியில் டி படை என்ற ஒன்றை உண்டாக்குகிறது. சிற்றலையில் குறைந்த அதிர்வெண்களை அது விழுங்கிவிடும். பொழுதுபட்டதும் அந்தப் படை கலைந்துவிடும். பிறகு இருநூறு முந்நூறு கிலோமீற்றர் உயரத்திலுள்ள எஃப் படை அலையைப் பூமிக்குத் திருப்பிவிடும். அலை தரையில் பட்டு மீண்டும் மேலே போகும். இப்படியே உலகைச் சுற்றலாம். இதைக் கரும்பலகையில் வரைந்துகாட்டிவிட்டு எங்களிடம் ஒரு வேலை தந்தார். அப்பியாசக் கொப்பியில் நிரல் போட்டு, திகதி, நேரம், எத்தனை மீற்றர் அலை, என்ன நிலையம், எப்படிக் கேட்டது என்று இரவிரவாய்க் குறிக்க வேண்டும். முற்றத்து மாமரத்துக்குச் செப்புக் கம்பி கட்டியவன் கொப்பியில் நிலையங்கள் கூடின. வானொலிப் பெட்டி எல்லோரிடமும் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபாடு கம்பியில் இருந்தது, காதில் இருந்தது.

அந்த இரண்டையும்தான் இன்றைக்கும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். பலர் பெரிய கருவிக்கும் அம்பிளிஃபயருக்கும் காசைக் கொட்டுகிறார்கள். 100 வாட் கருவி தாராளமாகப் போதும். காசையும் உழைப்பையும் அன்ரனாவில் போடுங்கள். 20 மீற்றர் அலைவரிசைக்கு, அதாவது 14 மெகாஹேர்ட்ஸுக்கு, அரை அலை டைபோல் என்ற கம்பி அன்ரனா ஒன்றின் மொத்த நீளம் சுமார் 10 மீற்றர். நடுவில் வெட்டி இரு பக்கமும் ஐந்தைந்து மீற்றர் விட்டு, நடுவிலிருந்து கோஆக்சியல் கேபிளை இறக்கினால் வேலை முடிந்தது. அதைத் தரையிலிருந்து 10 மீற்றர் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அலை தாழ்ந்த கோணத்தில் புறப்பட்டு ஒவ்வொரு பாய்ச்சலிலும் அதிக தூரம் போகும். பாதி உயரத்தில் கட்டினால் பெரும்பகுதி நேரே வானத்தைப் பார்த்துப் போய்விடும். என் பின்வளவில் இரண்டு மேப்பிள் மரங்கள். கவணால் தூண்டில் நூலை உச்சிக் கிளைக்கு மேலாக எறிந்து, அதில் நைலோன் கயிற்றைக் கட்டி இழுத்து, கம்பியை ஏற்றினேன். டைபோலின் வீச்சு கம்பிக்குக் குறுக்காகத்தான் பலமாக இருக்கும். அதனால் 26 பாகையை முதலில் குறித்துக்கொண்டு, கம்பி அதற்குக் குறுக்கே அமையும்படி மரங்களைத் தேர்ந்தேன். இலங்கைக்காக அன்ரனாவை வடக்கே பார்க்க வைத்ததை நண்பர்கள் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.

அந்த வழிக்கு ஒரு குறை உண்டு. துருவ ஒளி தோன்றும் வலயத்தை அது ஊடறுத்துப் போகிறது. சூரியன் சீறிய நாட்களில் அந்தப் பக்கம் அப்படியே அடைபட்டுவிடும். திறந்திருக்கும் நாட்களிலும் குரல் நடுங்கித்தான் வரும்.

வழி திறந்திருக்கிறதா என்று அறிய அருமையான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 14.100 மெகாஹேர்ட்ஸில் உலகெங்கும் 18 அடையாள நிலையங்கள் முறை வைத்துச் சமிக்ஞை அனுப்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 விநாடி, முழுச் சுற்றுக்கு மூன்று நிமிடம். அதில் ஒன்று இலங்கையின் 4எஸ்7பி. ஹொங்கொங்குக்கு அடுத்து, தென்னாபிரிக்காவுக்கு முன், சுற்றின் ஒன்றரையாவது நிமிடத்தில் அதன் முறை வரும். மோர்ஸில் டிடிடிடிடா, டிடிடி, டாடாடிடிடி, டாடிடிடி. தொடர்ந்து நான்கு நீண்ட ஒலிகள். பெயரும் முதல் ஒலியும் 100 வாட், அடுத்தது 10, பிறகு 1, கடைசி ஒலி பத்தில் ஒரு வாட். எத்தனை ஒலி கேட்கிறது என்று எண்ணினால் வழியின் நிலை தெரிந்துவிடும். மார்கழியில் ரொறன்ரோவில் விடியும் வேளை கொழும்பில் விளக்கு வைக்கிற நேரம். இரு ஊரும் பகலும் இரவும் சந்திக்கும் ஒரே மம்மல் கோட்டில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் அலைக்கு வழி பிறக்கும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, ஹெட்ஃபோனில் அந்த நான்காவது ஒலியின் சாயலைத் தேடுவது எனக்குப் பெரும் சந்தோஷம்.

அப்புறம், காது. அரிய தீவொன்றுக்கு ஒரு குழு போய் நிலையம் போட்டால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானோர் கூப்பிடுவார்கள். அதற்குப் பெயர் பைல்அப். அங்கே முதலில் வாயைத் திறக்கக்கூடாது. தீவு நிலையம் 14.195இல் பேசி, ‘ஃபைவ் அப்’ என்றால், அவர் கேட்பது 14.200இலும் அதற்கு மேலும் என்று பொருள். நம் கருவியின் இரண்டாவது விஎஃப்ஓவை, அதாவது அதிர்வெண்ணை மாற்றும் அமைப்பை, அங்கே வைத்து, கடைசியாக யாருக்குப் பதில் கொடுத்தார், அடுத்ததற்கு மேலே நகர்கிறாரா கீழே வருகிறாரா என்று கவனிக்க வேண்டும். போக்குப் பிடிபட்டதும் அவர் அடுத்து வரப்போகும் இடத்தில் நம் அழைப்புக் குறியை, அதாவது நம் நிலையத்தின் பெயரை, முழுதாக ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு மௌனமாக வேண்டும். பதில் வந்தால் ‘ஃபைவ் நைன் (நன்றாகக் கேட்கிறது), தாங்க் யூ’. அவ்வளவுதான். ஊர், பெயர், காலநிலை எல்லாம் வேண்டாம், பின்னால் வரிசை நிற்கிறது. தீவுக்காரர் பேசும் அதிர்வெண்ணிலேயே அன்ரனாவைச் சரிபார்க்கிறவர்களும் அங்கேயே கூப்பிடுகிறவர்களும் எல்லோர் வேலையையும் கெடுக்கிறார்கள். பிறகு யூரீசி என்ற உலகப் பொது நேரத்தோடு பதிவேட்டில் எழுதிவிட்டு, தொடர்பை உறுதிப்படுத்தும் கியூஎஸ்எல் அட்டைக்குக் காத்திருக்கலாம்.

2017இல் எஃப்டி8 என்ற கணினி வழித் தொடர்புமுறை வந்தது. கணினிகள் 15 விநாடிக்கு ஒருமுறை மாறி மாறிப் பேசுகின்றன. காதுக்கே கேட்காத சமிக்ஞையையும் அது படித்துவிடும். அடுக்குமாடியில் பால்கனிக் கம்பியோடு இருப்பவர்களுக்கு அது நல்ல வழி. நான் மோர்ஸை விடமாட்டேன்.

2004 டிசம்பரை மறக்க முடியாது. அந்தமானிலிருந்து பல வருடங்களாக அமெச்சூர் ஒலிபரப்பு இல்லை. பாரதி பிரசாத் என்ற பெண்மணி தலைமையில் இந்தியக் குழு ஒன்று போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தது. அழைப்புக் குறி வீயூ4ஆர்பிஐ. உலகமே வரிசையில் நின்றது. 26ஆம் திகதி ஆழிப்பேரலை. தொலைபேசிகள் செத்துப்போயின. அந்தக் குழு டிஎக்ஸை அந்தக் கணமே நிறுத்தி, அதே கருவிகளாலும் அன்ரனாக்களாலும் தீவு மக்களின் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பத் தொடங்கியது. இதெல்லாம் வெறும் பொழுதுபோக்குத்தானே என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்லும் பதில் அந்தமான்தான்.

கனடாவில் அனுமதி எடுப்பது கடினமில்லை. அடிப்படைத் தேர்வில் நூறு வினாக்கள், 70 புள்ளி எடுத்தால் சித்தி, 80 எடுத்தால் சிற்றலையிலும் பேசலாம். உயர்தரத்தில் பௌதிகம் படித்தவர்களுக்குப் பாதிக்கு மேல் தெரிந்த விடயம். வரும் கோடைகால ஒன்றுகூடலுக்கு நான் கருவியையும் கம்பியையும் கொண்டுவருகிறேன். பூங்காவில் உயர்ந்த மரம் இரண்டு இருந்தால் போதும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், கவணை அவர்கள் கையிலேயே கொடுக்கிறேன்.